லகுவும் குருவும்: செவி போடும் கணக்கு

சென்ற ஆவணி அவிட்டத்தன்று நம் சங்கத்து மாடி ஹாலில் உபாகர்மம் முடிந்து, எல்லோரும் பலகாரத்துக்காகக் காத்திருந்த நேரம். இரண்டு வைதிகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கனம் சொல்ல ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷம் இருக்கும். கூடத்தில் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த என் பேரன் காதருகே குனிந்து, "தாத்தா, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றாளே, எதுக்கு? அர்த்தம் ஒண்ணும் புரியலை, ஆனா கேக்க நன்னா இருக்கே, அது ஏன்?" என்று கேட்டான்.

கவனித்தால், கேட்டது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. முதலாவதற்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு, "ஆத்துக்கு வா, சொல்றேன்" என்று ஒத்திப்போட்டேன். உத்தியோகத்தில் இருந்த காலத்துப் பழக்கம், பதில் தெரியாத கோப்பை மேஜையின் அடுத்த பக்கத்துக்கு நகர்த்துவது. அதன் பிறகு சில மாதங்கள் படித்ததிலும் யோசித்ததிலும் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பௌதிகம் படித்தவன். ஸம்ஸ்கிருதத்திலோ தமிழ் யாப்பிலோ பாண்டித்யம் உள்ளவன் அல்ல என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்கான பதில் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. வேத வாக்கியத்தைப் பதம் பதமாகப் பிரித்து, இரண்டிரண்டாகக் கோத்தால் க்ரமம்: 1-2, 2-3, 3-4 என்று போகும். ஜடையில் 1-2, 2-1, 1-2 என்று முன்னும் பின்னும் முறுக்குவார்கள். கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. இப்படி ஒரு பதம் நகர்ந்து மறுபடி முதலிலிருந்து. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஓரத்தில் வரும் பதங்களை விட்டுவிட்டால், ஒவ்வொரு பதமும் க்ரமத்தில் 2 முறை, ஜடையில் 6 முறை, கனத்தில் 13 முறை வாயில் வருகிறது. திருப்பிச் சொல்லும்போது ஸந்தியும் ஸ்வரமும் மாறும். அந்த மாற்றத்தையும் பிசகாமல் சொல்ல வேண்டும். எழுத்தில் எழுதாமல் வாயாலும் காதாலும் காப்பாற்றிய ஒன்றில் ஒரு பதம் உதிர்ந்தாலோ இடம் மாறினாலோ உடனே அகப்பட்டுவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. 2003-ல் யுனெஸ்கோ வேதம் ஓதும் மரபை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வம் என்று அறிவித்ததற்கு இந்த முறைகளும் ஒரு காரணம்.

ஆனால் இது தணிக்கை. கணக்குத் தணிக்கை நடக்கும் அறையில் உட்கார்ந்து யாரும் மெய்மறந்து கேட்டதாக நான் அறியேன். பிழை பிடிப்பதற்காக ஏற்பட்ட ஒன்று செவிக்கு ஏன் இனிக்க வேண்டும்? அதுவும், பதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும்போது வாக்கியத்தின் பொருள் கலைந்தே போகிறது. பொருள் போன பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சி நிற்கிறது. அது என்ன?

நம் தேசத்தில் இந்தக் கேள்வியை 'ஏன்' என்று கேட்பதற்கு முன்னால் 'எத்தனை' என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டவர் பிங்களர். அவருடைய காலம் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு, கி.மு. மூன்றாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். சந்தஸ் சாஸ்திரம் என்கிற அவருடைய சூத்திர நூல் வேதாங்கங்கள் ஆறில் ஒன்றான சந்தஸுக்கு அடிப்படை நூல். குறில் ஓசை லகு, நெடில் ஓசை (அல்லது ஒற்றுச் சேர்ந்து கனத்த ஓசை) குரு. ஒரு பாதத்தில் இத்தனை எழுத்து என்றால், லகுவும் குருவுமாக எத்தனை வகையில் அதை நிரப்பலாம்? ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வழி. ஆகவே எட்டு எழுத்துப் பாதத்துக்கு இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256.

பிங்களர் அப்படி எட்டு முறை பெருக்கச் சொல்லவில்லை. எண்ணைப் பாதியாக்கு, இரட்டைப்படையாக இருந்தால் ஒரு குறி; ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் கழித்து வேறொரு குறி; இப்படியே கீழே இறங்கி, பிறகு குறிகளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு மேலே ஏறு என்கிறார். 8-ஐப் பாதியாக்க 4, பிறகு 2, பிறகு 1, கடைசியில் 0. மேலே ஏறும்போது 2, அதன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அதன் வர்க்கம் 256. எட்டுப் பெருக்கலுக்குப் பதில் நான்கே படி. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் பெரிய அடுக்குகளைக் கணக்கிட இதே வழியைத்தான் கையாளுகிறார்கள் என்று பேரன் சொன்னான். பாதியாக்காமல் ஒன்றைக் கழிக்கும் இடத்துக்கு அவர் வைத்த குறியின் பெயர் சூன்யம். ஒரு சூத்திரத்தில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் நம் முன்னோர் எல்லாவற்றையும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அங்கே அது ஓர் அடையாளக் குறி, அவ்வளவே. பிங்களர் செய்ததாக நிச்சயமாகத் தெரிவதே போதுமான அளவு பெரிது.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'யமாதாராஜபானஸலகம்' என்று ஒரு சூத்திரம் சொல்லித்தருவதுண்டு. அர்த்தம் இல்லாத பத்து எழுத்து. எந்த எழுத்திலிருந்து தொடங்கினாலும் அடுத்தடுத்த மூன்று எழுத்துக்கள் அந்த எழுத்தின் பெயர் கொண்ட கணத்தின் லகு குரு அமைப்பைக் காட்டும். யமாதா என்றால் லகு, குரு, குரு, அது ய-கணம். மாதாரா மூன்றும் குரு, அது ம-கணம். இப்படி எட்டுக் கணமும் பத்தே எழுத்தில் அடங்குகின்றன. இந்தச் சூத்திரம் யார் செய்தது, எப்போது செய்தது என்பதெல்லாம் தெரியாமலேயே நான் பள்ளிக்கூட நாட்களில் உருப்போட்டேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும், 256 வகையும் சமமாக இனிக்குமானால் சந்தஸ் என்று ஒன்றே தேவையில்லை. அனுஷ்டுப்பை எடுத்துக்கொள்வோம். நாம் தினமும் சொல்கிற ஸ்தோத்திரங்களில் பாதிக்கு மேல் அதுதான். எட்டெட்டு எழுத்தாக நான்கு பாதம், மொத்தம் 32. எல்லாப் பாதத்திலும் ஐந்தாவது லகு, ஆறாவது குரு. ஏழாவது எழுத்து ஒன்று, மூன்றாம் பாதங்களில் குரு. இரண்டு, நான்காம் பாதங்களில் லகு. முதல் நான்கு எழுத்துக்களில், சில விலக்குகள் தவிர, கவிக்குப் பெரும்பாலும் ஸ்வதந்திரம். அந்தச் சிறு விலக்குகளைத் தள்ளிவைத்துக் கணக்குப் போட்டால், 256 வழியில் 32 வழிதான் மிஞ்சுகிறது. முக்கியம் எண் அல்ல, எந்த இடம் கட்டுண்டது என்பதுதான். பாதத்தின் தலை அவிழ்ந்து கிடக்கிறது; வால் முடிச்சுப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு பாதமும் எங்கோ புறப்பட்டு, நமக்குத் தெரிந்த படிக்கட்டில் வந்து இறங்குகிறது.

ராமாயணத்தில் க்ரௌஞ்ச பக்ஷியைக் கண்டு வால்மீகி வாயிலிருந்து சுலோகம் பிறந்த கதை அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பல வருஷம் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. சோகத்தில் சொல்லிவிட்டுப் பிறகு சீடரான பரத்வாஜரிடம் திரும்பி மகரிஷி வியந்து சொல்வது பொருளைப் பற்றியது அல்ல. எழுத்துக்கள் சமமாக அமைந்ததையும், பாதங்களாகக் கட்டுண்டதையும், தந்தி வாத்தியத்தோடு பொருந்துவதையும்தான் சொல்கிறார். வேடனைச் சபித்தவருக்குத் தன் வாக்கின் அமைப்பே ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது கட்டம் எழுத்துக் கணக்கை விட்டு மாத்திரைக் கணக்குக்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. ஒரு வரியின் மொத்தக் கால அளவு நிச்சயம். அதை எத்தனை லகு, எத்தனை குருவால் நிரப்புவது என்பது கவியின் இஷ்டம். பிராகிருதக் கவிதையிலும், பிறகு அபப்ரம்சத்திலும், அதன் வழியாக ஹிந்தியிலும் இந்த முறை செழித்தது. விரஹாங்கர் என்பவர் வ்ருத்தஜாதிஸமுச்சயம் என்று ஒரு நூலைப் பிராகிருதத்தில் எழுதினார். ஆறாம் நூற்றாண்டின் முடிவுக்கும் எட்டாம் நூற்றாண்டின் முடிவுக்கும் இடையில் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறது. பம்பாய் வில்ஸன் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஹெச். டி. வேலன்கர் அந்த நூலைப் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தார். அதில் ஒரு கேள்வி: இத்தனை மாத்திரை கொண்ட வரியை எத்தனை வகையில் அமைக்கலாம்?

யோசித்தால் மிகச் சுலபம். எந்த வரியும் லகுவில் முடியும், அல்லது குருவில் முடியும். லகுவில் முடிந்தால் அதற்கு முன்னால் ஒரு மாத்திரை குறைந்த வரி ஒன்று இருக்கிறது. குருவில் முடிந்தால் இரண்டு மாத்திரை குறைந்த வரி இருக்கிறது. ஆகவே முந்தைய இரண்டு விடைகளையும் கூட்டினால் இந்த விடை. 1, 2, 3, 5, 8, 13, 21, 34 என்று போகும். இதே விதியை கோபாலர் 1135-க்கு முன்னும், குஜராத்தில் ஜைன ஆசார்யர் ஹேமசந்த்ரர் 1150-ஐ ஒட்டியும் விளக்கியிருக்கிறார்கள். இத்தாலியில் பீஸா நகரத்து லியோனார்டோ முயல் கணக்காக இதை எழுதியது 1202-ல். உலகம் அவருடைய பெயரால் ஃபிபனாச்சி எண்கள் என்கிறது. 1985-ல் பரமானந்த் சிங் என்கிற கணித வரலாற்று ஆய்வாளர் ஒரு கட்டுரையில் இந்த முன் வரலாற்றை ஆதாரத்தோடு எடுத்து வைத்தார். பெயரை மாற்ற வேண்டும் என்று நான் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் அங்கே முயல்களை எண்ணியபோது கிடைத்தது, இங்கே கவிதை வரியை எண்ணியபோது கிடைத்தது என்பது எனக்குச் சந்தோஷம் தருகிறது.

இப்போது பதினாறு மாத்திரை வரிக்கு வாருங்கள். கூட்டிக்கொண்டே போனால் 1597 வருகிறது. பஜ கோவிந்தம் என்று நாம் சொல்கிற மோஹமுத்கரத்தில் ஒவ்வொரு பாதமும் பதினாறு மாத்திரை. துளசிதாசர் 1574-ல் அயோத்தியில் தொடங்கிய ராமசரிதமானஸில் சௌபாயியின் ஒவ்வொரு சரணமும் பதினாறு மாத்திரை. நான்கு நான்காக வெட்டிப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு வெட்டுக்கும் ஐந்து வடிவம். நான்கு வெட்டுக்கும் சேர்த்து 625. விலக்குகளைக் கழித்தாலும் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். வரிக்கு வரி உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் வரி முடியும் நேரம் மாறாது.

மத்தியப் பிரதேசத்தில் வேலை பார்த்த நாட்களில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் ஸுந்தரகாண்டப் பாராயணம் நடக்கும். டோலக், ஜால்ரா, பத்துப் பன்னிரண்டு குரல். ஆபீஸ் ஹிந்தி மட்டும் தெரிந்த எனக்கு அந்த அவதியில் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் மூன்றாவது வாரத்திலேயே வரி எங்கே முடியும் என்பது தெரிந்துவிட்டது. என் கை தானாக அந்த இடத்தில் முழங்காலில் விழும். அர்த்தம் தெரியாத பாஷையில் அடுத்து வரப்போவதை நான் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தேன். அந்தக் கை விழும் நொடியில் ஒரு திருப்தி. நடுவில் எங்கே கூட்டிப் போவார்கள் என்று தெரியாது. எங்கே கொண்டு வந்து விடுவார்கள் என்பது நிச்சயம். பேரன் கேட்ட கேள்விக்கு விடையில் பாதி இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். முழுக்கத் தெரிந்திருந்தால் அலுக்கும். முழுக்கத் தெரியாவிட்டால் அது வெறும் பேச்சு.

தமிழில் இந்தக் கட்டும் அவிழ்ப்பும் வேறு விதமாக இருக்கிறது. வெண்பாவில் மாத்திரையையும் எழுத்தையும் எண்ணுவதில்லை. சீருக்கும் சீருக்கும் நடுவில் தளை என்று ஒரு மூட்டு. மாச்சீரில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளச்சீரிலோ காய்ச்சீரிலோ முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். அதாவது ஒரு சீர் முடிந்த கணத்தில் அடுத்த சீரின் முதல் அசை நேரா நிரையா என்பது தீர்மானமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு உள்ளது கவியின் விருப்பம். அனுஷ்டுப் பாதத்துக்கு ஒரு முறை படிக்கட்டில் இறக்குகிறது என்றால், வெண்பா ஒவ்வொரு சீரிலும் ஒரு படி வைக்கிறது. கடைசி அடியில் மட்டும் நான்காவது சீர் வராது. மூன்றாவதே நாள், மலர், காசு, பிறப்பு என்கிற குறுகிய வாய்பாடுகளில் ஒன்றில் நின்றுவிடும். எதிர்பார்த்த சீர் வராமல் போவதே முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். திருக்குறள் 1330-ம் இப்படித்தான் முடிகின்றன.

முன்னது தெரிந்தால் பின்னது எந்த அளவுக்குத் தெரியும் என்பதைக் கணக்காக்கியவர் ரஷ்யக் கணிதமேதை மார்க்கோவ். 1913-ல் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் அவர் படித்த கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது புஷ்கினின் 'யெவ்கெனி ஒனேகின்' என்கிற செய்யுள் காவியம். அதிலிருந்து 20,000 எழுத்துக்களைக் கையாலேயே எண்ணினார். 8,638 உயிரெழுத்து, மீதி மெய்யெழுத்து. ஓர் உயிருக்குப் பின்னால் இன்னோர் உயிர் வருவது நூற்றுக்குப் பதின்மூன்று தடவை. மெய்க்குப் பின்னால் உயிர் வருவது நூற்றுக்கு அறுபத்தாறு தடவை. அவருக்குக் கவிதை இன்பத்தில் அக்கறை இல்லை. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளுக்கும் பெருந்தொகை விதி பொருந்தும் என்று ஒரு வாதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு வானிலை முதல் கைபேசியில் அடுத்த வார்த்தையை ஊகிப்பது வரை பயன்படும் மார்க்கோவ் சங்கிலி அந்த எண்ணிக்கையில்தான் முதலில் எடுத்துக்காட்டப்பட்டது. தளையிலக்கணம் எழுதியவர்களுக்கு நிகழ்தகவு தெரியாது. ஆனாலும் அவர்கள் கட்டியது சங்கிலிதான்.

திரும்பச் சொல்வது பற்றிப் பழைய விவகாரம் ஒன்று இருக்கிறது. புனருக்தி, அதாவது சொன்னதையே சொல்வது, தோஷம். அதே சமயம், அதே எழுத்துக் கூட்டம் வேறு பொருளில் திரும்ப வந்தால் யமகம் என்கிற அலங்காரம். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்திலேயே யமகத்துக்குப் பத்து வகை சொல்லியிருக்கிறது. பல்லவர் காலத்துக் காஞ்சியில் இருந்த தண்டி, காவ்யாதர்சத்தின் மூன்றாம் பரிச்சேதத்தில் பெரும் பகுதியை யமகத்துக்கே ஒதுக்கினார். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் இதற்குக் கடிவாளம் போட்டார். சிருங்காரத்தில், அதுவும் பிரிவுத் துயரில், கவி யமகத்தில் இறங்கினால் அது திறமையாக இருக்கலாம், ஆனால் அசட்டை என்பது அவர் கட்சி. யமகத்துக்குத் தனியாகப் பிரயத்தனம் வேண்டியிருக்கிறது. அந்தப் பிரயத்தனம் ரசத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது. நான் ஆனந்தவர்த்தனர் பக்கம். செவி எதிர்பார்த்தது வந்து சேர்வது ஒன்று. கவி தன் சாமர்த்தியத்தைக் காட்ட நம்மைப் பிடித்து நிறுத்துவது வேறு. ஸஹஸ்ரநாமத்தில் சில நாமாக்கள் திரும்ப வருவதற்கு ஆசார்யாள் பாஷ்யத்தில் வெவ்வேறு பொருள் சொல்லி தோஷமில்லை என்று ஸமாதானம் செய்திருப்பதும் இந்த விவகாரத்தின் ஒரு பக்கம்தான்.

இனி பரிசோதனைச் சாலைக்கு வருகிறேன். 1894-ல் அமெரிக்காவில் போல்டன் என்பவர், ஒரே மாதிரியான, ஒரே இடைவெளியுள்ள 'டிக்' சத்தங்களை ஆட்களுக்குக் கேட்க வைத்தார். எந்த வித்தியாசமும் இல்லாத அந்தச் சத்தங்களைக் கேட்டவர்கள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நான்கு நான்காகவும் பிரித்துக் கேட்டார்கள். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் 'டிக் டாக்' என்று சொல்வதாகத் தோன்றுவதும் அப்படித்தான். லயம் ஓரளவுக்கு வெளியில் இல்லை, கேட்பவனுக்குள் இருக்கிறது. 2009-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்கள் தூங்கும்போது தாளத்தைக் கேட்க வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். எதிர்பார்த்த இடத்தில் முதல் அடி விழாதபோது அந்த அலையில் மாறுதல் தெரிந்தது. 2017-ல் ஜெர்மனியில் கவிதை கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்சு எங்கே வருகிறது என்று அளந்தார்கள். வரியின் முடிவு, செய்யுளின் முடிவு, கவிதையின் முடிவு என்று முடியும் இடங்களில்தான் அதிகம் வந்தது. அதற்குச் சில விநாடி முன்னாலேயே, வரப்போகிறது என்கிற நிலையில், மூளையில் பரிசை எதிர்பார்க்கும் பகுதி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. முழங்காலில் என் கை விழுந்த இடம் அதுதான்.

இந்த இன்பத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. 2000-ல் அமெரிக்காவில் இரண்டு உளவியலாளர்கள், அதிகம் கேள்விப்படாத பழமொழிகளை எதுகையோடு ஒரு தரம், எதுகையை நீக்கி அதே பொருளில் ஒரு தரம் எழுதிக் காட்டினார்கள். எதுகையோடு இருந்ததையே ஜனங்கள் அதிக உண்மை என்று மதிப்பிட்டார்கள். தேர்தல் கோஷம் எழுதுகிறவர்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். மானேஸரில் உள்ள மூளை ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு 21 யஜுர்வேதப் பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து 2016-ல் வெளியான ஆய்வை நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி அனுப்புகிறார்கள். நினைவாற்றல், மொழி சம்பந்தப்பட்ட பகுதிகள் அவர்களிடம் தடித்திருந்தன என்பது உண்மை. ஆனால் அது சிறு வயது முதல் பல்லாயிரம் மணி நேரம் மனப்பாடம் செய்தவர்களைப் பற்றியது. அதை அனுப்புகிறவர்களைப் பற்றியது அல்ல.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்கு உண்மையான காரணம் பேரன் மட்டும் அல்ல. என் அண்ணா ஐம்பது வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் விஷ்ணு ஸஹஸ்ரநாமம் சொன்னவர். சின்ன வயசில், விஞ்ஞானம் படித்த திமிரில், "டேப் ரிக்கார்டரும் இதைத்தானே அண்ணா பண்றது?" என்று கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துவிட்டு அடுத்த சுலோகத்துக்குப் போய்விட்டார். 2013-ல், எழுபதாவது வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தி தெளிவாக இருந்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராது. மன்னியின் பெயர் வராது. வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, கண்ணில் ஜலம் வைத்துக்கொள்வார்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மன்னி பக்கத்தில் உட்கார்ந்து ஸஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுலோகத்தில் அண்ணாவின் குரல் சேர்ந்துகொண்டது. மன்னி பயந்து நிறுத்திவிட்டாள். அண்ணா நிறுத்தவில்லை. நூற்றுச் சொச்சம் சுலோகத்தில் பெரும்பாலானவை சரியாக வந்தன. நடுவில் யாராவது குறுக்கிட்டு நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. அந்தச் சுலோகத்தின் தலைக்குப் போக வேண்டும். முடித்த பிறகு, "அண்ணா, காபி வேணுமா?" என்று கேட்டால் பழையபடி வாய் திறக்கும், சொல் வராது.

இது அதிசயம் அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்வீடனில் 1745-லேயே, பேச்சிழந்த ஒருவர் தேவாலயத்துப் பாட்டை மட்டும் பாடியதை டாலின் என்பவர் பதிவு செய்திருக்கிறார். பாட்டின் மெட்டுதான் காரணம் என்று வெகு காலம் நினைத்தார்கள். 1973-ல் அமெரிக்காவில் அதை வைத்து ஒரு சிகிச்சையும் தொடங்கினார்கள். 2011-ல் ஜெர்மனியில் ஸ்டால் முதலானோர் இப்படிப்பட்ட 17 நோயாளிகளைப் பாடவும், தாளத்தோடு வெறுமே பேசவும் வைத்து ஒப்பிட்டார்கள். பாடியதால் தனியாக ஆதாயம் இல்லை. தாளம் உதவியது, வெகு நாள் வாயில் பழகிய சொற்றொடர் அதைவிட உதவியது. லயமும் ஆவர்த்தியும்.

அண்ணாவுக்குப் பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். நடந்ததைச் சொன்னதும், அவருடைய இடது கையைப் பிடித்து மேஜையில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டுத் தட்டி, சின்னச் சின்ன வாக்கியங்களை ஒரே லயத்தில் நூறு தடவை, இருநூறு தடவை சொல்ல வைத்தாள். ஏழு மாதத்தில் மூன்று வந்தன: 'காபி தா', 'போரும்', 'உள்ளே போலாம்'. மன்னியின் பெயர் கடைசி வரை வரவில்லை. இன்னும் முன்னாலேயே தொடங்கியிருந்தால் கூட வந்திருக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை.

2017-ல் அண்ணா போவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மன்னிக்கு ஜுரம். ஆகவே அன்றைக்கு நான் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஸஹஸ்ரநாமம் சொல்ல உட்கார்ந்தேன். அறுபதாவது சுலோகத்துக்குப் பக்கத்தில் எனக்கு வரி தப்பிவிட்டது; பக்கத்தைப் புரட்டித் தேடினேன். அண்ணா எனக்காக நிற்கவில்லை. இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். இரண்டு சுலோகம் தள்ளி, பாதம் முடியும் இடம் பார்த்து நான் சேர்ந்துகொண்டேன்.